காங்கோ நதியின் சாது மீன்

காங்கோ நதியில் வாழும் இரண்டு மீன்களை, இலண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பூலஞ்சே என்னும் அறிஞர் அடுத்தடுத்த ஆண்டுகளில் விவரித்துப் பெயர் சூட்டினார். 1898-ஆம் ஆண்டில் அவர் விவரித்தது கோலியாத் புலிமீன். அது ஐந்தடி நீளம்வரை வளரும். வாய் நிறையக் கத்திமுனை போன்ற பற்கள். 1899-ஆம் ஆண்டில் விவரித்ததோ விரல் நீளமே உள்ள ஒரு சிறு மீன். விஞ்ஞானிகளின் வகைப்பாட்டில் இவ்விரண்டும் ஒரே குடும்பம். பெரியவரை வீட்டுத் தொட்டியில் வளர்க்க எவரும் எண்ணமாட்டார். சிறியவரைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். காங்கோ டெட்ரா என்பது அதன் வழக்குப் பெயர்.

டெட்ரா என்றதும் நீலக்கோடு மின்னும் நியான் டெட்ரா சிலருக்கு நினைவு வரலாம். அது தென்னமெரிக்க மீன். இதற்குத் தூரத்து உறவு. ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் ஒரே நிலப்பரப்பாக இருந்து, சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. இந்த மீன் இனத்தின் கிளைகள் இரு கரைகளிலும் இன்றும் வாழ்கின்றன.

காங்கோ டெட்ராவின் ஆண் மூன்று அங்குலத்தைச் சற்றே தாண்டும். பெண் அதனினும் சிறியது. ஆணின் முதுகு நீலம். நடுவுடலில் பொன்னும் செம்மையும் கலந்த பட்டை. அதன் கீழ் மீண்டும் நீலம். முதுகுத் துடுப்பு பட்டுத் துணியின் விளிம்புபோல் நீண்டு தொங்கும். வாலின் நடுவிலிருந்தும் சில இழைகள் நீளும். செதில்கள் பெரியவை, ஒளி விழும் கோணம் மாறும்போதெல்லாம் நிறமும் மாறும். இத்தனை அழகும் வளர்ந்த மீனுக்கே உரியது. கடையில் விற்பனைக்கு இருக்கும் இளமீன், சாம்பல் பூசிய வெள்ளியாக, யாரும் இருமுறை பார்க்காத தோற்றத்தில் இருக்கும். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் அதனைத் தாண்டிச் சென்று, பளிச்சென்ற வேறொன்றை வாங்கிக்கொண்டு வருவோரை நான் குறைகூறமாட்டேன். நிறம் முதிர மாதங்கள் பல காத்திருக்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

விற்பவர்கள் இதனைச் ‘சாது மீன்’ என்பர். அது மெய்தான். ஆனால் சாது என்றால் எந்தத் தொட்டியிலும், எந்த மீனோடும் விட்டுவிடலாம் என்று பலர் பொருள் கொள்கின்றனர். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். முரட்டு மீன் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். சாது மீனுக்கோ இடத்தை நாம்தான் அமைத்துத் தரவேண்டும். இதன் சாதுத்தன்மையில் பெரும்பகுதி அச்சம். இரண்டு மீன்களை மட்டும் வாங்கி விட்டால் அவை மூலையில் ஒடுங்கி நிற்கும், இரை எடுக்கா, நிறம் வெளுக்கும். குழந்தை ஒன்று கண்ணாடியைத் தட்டினால் போதும், எதிர்ச் சுவரில் போய் மோதும். துள்ளி வெளியே விழுந்து மடிவதும் உண்டு. ஆகவே தொட்டிக்கு மூடி வேண்டும். ஆறு மீன்களுக்குக் குறையாமல் வாங்குங்கள். எட்டு, பத்து என்றால் இன்னும் நலம். கூட்டம் சேர்ந்ததும் அச்சம் நீங்கிவிடும். ஆண்கள் எதிரெதிர் நின்று துடுப்புகளை விரித்துக் காட்டும். அதைச் சண்டை என்று எண்ணிப் பிரித்துவிடாதீர்கள். ஒன்றையொன்று கடிப்பதில்லை, துடுப்பின் அழகைக் காட்டுவதோடு வழக்கு முடிந்துவிடும்.

பத்து மீன்களுக்கு நான்கடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் கொண்ட தொட்டி பொருத்தமானது. அதன் கொள்ளளவு ஒன்பது கன அடி. ஏறக்குறைய 255 லிட்டர். நீரின் எடை மட்டுமே 255 கிலோ. கண்ணாடியும் மணலும் தாங்கியும் வேறு. சாப்பாட்டு மேசைமேல் தூக்கி வைக்கும் பொருளன்று.

அடுத்து நீர். காங்கோவின் காட்டு ஓடைகள் உதிர்ந்த இலைகளின் சாறு இறங்கித் தேநீர் நிறமாய் ஓடுபவை, அவை மென்னீர். சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரோ பல தெருக்களில் கடின நீர். பாத்திரத்தில் வெண்படலம் படியும். இதற்கு எளிய வழி நம் மாடியிலேயே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்துக்குள் போகும் அந்தக் குழாயிலிருந்து ஒரு பீப்பாய்க்குக் கிளை எடுத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மென்னீர் தாராளமாய்க் கிடைக்கும். முதல் மழை மாடியின் தூசியைக் கழுவுவது, அதை விட்டுவிடுங்கள். மழைநீரும் வீட்டு நீரும் பாதிக்குப் பாதி கலக்கலாம். நகராட்சிக் குழாய்நீரானால் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்த பின்பே பயன்படுத்த வேண்டும். தெருவோரம் உதிரும் வாதுமை மரத்தின் காய்ந்த இலைகள் இரண்டு மூன்றைக் கழுவி இட்டால், காட்டு ஓடையின் நிறமும் வந்துவிடும்.

இனி நான் கூறுவதைச் சற்று ஊன்றிக் கேட்க வேண்டுகிறேன். மீன்கள் மிகுதியாக மடிவது இவ்விடத்தில்தான். புதுத் தொட்டியில் காலையில் நீர் நிரப்பி, மாலையில் மீன் விடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. நுண்ணுயிர்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாக மாற்றும்; அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் கேடு குறைவு. இந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை நீர் கண்ணாடிபோல் தெளிவாய்த் தெரியும்; நஞ்சு கண்ணுக்குப் புலப்படாது. மீன் விடாமலே சிட்டிகை இரையிட்டு வடிகட்டியை ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனை மருந்தால் அறிந்த பின்பே மீன் வாங்கச் செல்லவேண்டும். பிறகு வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பளபளவென்று கழுவுவது குடியேறியவரை விரட்டுவதாகும். தொட்டி நீரிலேயே அலசுங்கள்.

இம்மீனுக்கு 23 முதல் 27 பாகை வரையிலான வெப்பம் உகந்தது. ஆதலால் நமக்குச் சூடாக்கும் கருவி பெரும்பாலும் வேண்டா. கத்திரி வெயிலே கவலை. நீர் சூடேறினால் உயிர்வளி குறையும். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியைச் சுழலவிட்டு, காற்றுப் பம்பையும் இரவு பகலாய் ஓடவிடுவது நான் செய்து வருவது.

இரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயற்கையில் பூச்சியும் புழுவும் உண்ணும் இனம். உலர் இரையோடு, நறுக்கிய மண்புழுவை வாரம் இருமுறை கொடுக்கலாம். இளந்தளிர்களையும் கடிக்கும், எனவே அதன் தாயகமான ஆப்பிரிக்காவிலேயே விளையும், தடித்த இலைகொண்ட அனூபியஸ் செடியை வைப்பது அறிவுடைமை. துடுப்பைக் கொறிக்கும் டைகர் பார்ப் மீனை மட்டும் ஒருக்காலும் கூடச் சேர்க்காதீர்கள். ஆணின் பட்டு விளிம்பு விரைவிலேயே கந்தலாகிவிடும்.

வளர்க்க இயலாத நிலை வந்தால் சிலர் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதைப் புண்ணியம் என்றும் கருதுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து தொட்டிக்கு வந்த சக்கர் மீன் இன்று சென்னையின் ஏரிகளில் பெருகி, வலைபோடுவோருக்குத் தொல்லையாய் நிற்பது அவ்வழியில் வந்த வினையே. வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். நிறம் முதிர்ந்த ஆண் காங்கோ டெட்ராவை எந்தக் கடைக்காரரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்.