கசிவுப் படங்களை மொத்தமாக மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

(சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டதால் இந்தக் காலாண்டு இதழில் வருகிறது.)

தலைவர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. ஆனால் கசிவுப் படங்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் வேலையைக் கமிட்டி என்னிடம் கொடுத்திருப்பதால், உங்களிடம் சில விஷயம் சொல்லியாக வேண்டும்.

நாம் சாவி வாங்கி நாலாவது வருஷம் நடக்கிறது. ரெரா சட்டம் பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். அதனால்தான் மொட்டை மாடி, பாத்ரூம் சுவர், லிஃப்ட் பக்கத்து விரிசல் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். நானூறு படத்துக்கு மேல் வந்துவிட்டது. அதில் பாதி திறக்கவே மாட்டேன் என்கிறது. மீதியில் பாதி எந்தத் தேதியில் எடுத்தது என்றே தெரியவில்லை. இதில் தேதிதான் நமக்கு உயிர்.

முதலில் திறக்காத படங்களைப் பார்ப்போம். ஐபோன்காரர்கள் அனுப்பியதெல்லாம் ஹெச்.இ.ஐ.சி. என்ற வகையில் வருகிறது. 2017-ல் ஐ.ஓ.எஸ். 11 வந்ததிலிருந்து ஐபோன் அப்படித்தான் சேமிக்கிறது. கிட்டத்தட்ட பாதி இடத்தில் அதே தரத்துக்குப் படம் அடங்கும் என்பது அதன் வசதி. ஆனால் பழைய கம்ப்யூட்டர்களும் ஆன்லைன் விண்ணப்பப் பக்கங்களும் பெரும்பாலும் ஜேபெக்கைத்தான் வாங்கும். ஜேபெக் 1992-லிருந்து நிலைத்த தரம், எங்கும் செல்லும். உங்கள் பிள்ளைகள் வங்கித் தேர்வுக்கு ஐ.பி.பி.எஸ். விண்ணப்பம் போட்டிருந்தால் தெரியும்: போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி, அதுவும் ஜேபெக்கில் மட்டும். ஒரு கேபி கூடினாலும் பக்கம் நகராது.

இனிமேல் எடுக்கப்போகும் படங்களுக்கு, ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்ததைத்தான் மாற்ற வேண்டும். நாமக்கல்லில் முட்டையை ஒவ்வொன்றாக எண்ண மாட்டார்கள், அட்டை அட்டையாகத்தான் கணக்கு, அட்டைக்கு 30. நானூறு படத்தையும் அப்படி மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து சேமித்தால் ஒரு வாரம் போய்விடும், நடுவில் தவறும் நேரும்.

நான் பயன்படுத்துவது இர்ஃபான்வியூ. 1996-லிருந்து இருக்கும் மென்பொருள். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அதோடு பிளகின் தொகுப்பையும் போட்டுக்கொண்டால் ஹெச்.இ.ஐ.சி. திறக்கும். ஃபைல் மெனுவில் பேட்ச் கன்வர்ஷன் என்று இருக்கும். படங்களைச் சேர்த்து, வெளிவரும் வகையை ஜேபிஜி என்று தேர்ந்தெடுத்து, தரத்தை 90 வைத்து, 'ஸ்டார்ட்' அழுத்தினால் அதுவே ஓடி முடித்துவிடும். மூன்று இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெளிவரும் படங்களுக்குத் தனிக் கோப்புறை கொடுங்கள், மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடக் கூடாது. 'எக்ஸிஃப்' விவரங்களை வைத்துக்கொள் என்ற விருப்பத்தை டிக் செய்யுங்கள். எடுத்த தேதி, நேரம், கேமரா, சில சமயம் இடம்கூட அதற்குள்தான் இருக்கிறது. அட்வான்ஸ்ட் பகுதியில் ஃபைலின் பழைய தேதியையே காக்கச் சொல்லும் கட்டமும் உண்டு. அதை விட்டுவிட்டால், நானூறு படமும் இன்று மதியம் எடுத்த மாதிரி கோப்புறையில் நிற்கும்.

ஜேபெக்கில் இன்னொரு குணம். ஒவ்வொரு முறை திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரம் இழக்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது போல. நாலாவது தடவையில் விரிசலின் ஓரம் மங்கிவிடும், நாம் காட்ட வேண்டியதே அந்த ஓரம்தான். அதனால் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். பிரைட்னஸ் கூட்டுவது, ஃபில்டர் போடுவது எதுவும் வேண்டாம். இது கல்யாண ஆல்பம் இல்லை.

நான் வேலையில் இருந்தபோது இதே சங்கதி வேறு உருவத்தில் வந்தது. செக் டிரங்கேஷன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008-ல் டெல்லியில் தொடங்கி, 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்தது. அதன் பிறகு செக் காகிதம் ஊர் ஊராகப் பயணிக்கவில்லை, படம் மட்டும் பயணித்தது. ஒரு செக்குக்கு மூன்று படம்: முன்பக்கம் சாம்பல் நிறத்தில் ஜேபெக், அதே முன்பக்கம் கறுப்பு வெள்ளையில் டிஃப், பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் டிஃப். மையின் அடர்த்தி, கையெழுத்தின் அழுத்தம் தெரிய சாம்பல் நிறம். எழுத்து தெளிவாக, ஃபைல் சிறிதாக இருக்கக் கறுப்பு வெள்ளை. வேலைக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் காகிதச் செக்கை யாரும் கிழித்துப் போடவில்லை. வசூலுக்கு வாங்கிய வங்கி அதைப் 10 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். படத்தில் சந்தேகம் வந்தால் மூலம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

நமக்கும் அதே விதி. மாற்றிய ஜேபெக் என்பது ஆணையத்துக்கு ஏற்றுவதற்கும் படிப்பதற்கும். ஃபோனிலிருக்கும் மூலப்படம்தான் நம் செக். அதை அழிக்க வேண்டாம்.

ஆணையத்திலேயே முடிந்தால் நல்லது. நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63 வரும். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நாம் நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் 'ஹாஷ்' மதிப்பை எழுத வேண்டும். அந்தக் காலத்தில் தந்தி மூலம் பணம் அனுப்பும்போது தொகை, தேதி எல்லாம் வைத்து ஒரு சங்கேத எண் போடுவோமே, அது மாதிரி. ஃபைல் முழுவதையும் கணக்கிட்டு வரும் ஒரு எண். ஷா-256 என்றால் 64 எழுத்து நீளம். விண்டோஸிலேயே இதைக் கணக்கிடும் கட்டளை இருக்கிறது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். ஃபைலின் பெயரை மட்டும் மாற்றினால் எண் மாறாது. வகையை மாற்றினால் நிச்சயம் மாறும். அதனால் எண்ணை மூலத்துக்குத்தான் எடுக்கிறேன், மாற்றுவதற்கு முன்னாடியே.

இப்போது தேதியில்லாத படங்கள். அவை எல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியவை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, உள்ளே இருக்கும் எக்ஸிஃபையும் எடுத்துவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வரும். அதைவிட நல்லது, கேபிள் போட்டுக் கொடுங்கள். ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியில், கம்ப்யூட்டருக்கு மாற்றும் இடத்தில், 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வையுங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் ஃபோனே தன் விருப்பத்துக்கு மாற்றித் தந்துவிடும், நமக்கு மூலம் வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சிலர் 'ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தருகிறார்களே' என்று கேட்டார்கள். அந்த இணையதளங்களுக்கு வீட்டுப் படத்தை, கிரயப் பத்திரத்தை, ஆதாரை ஏற்றாதீர்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டென்வர் அலுவலகம், இலவச ஃபைல் மாற்றும் தளங்கள் மூலம் வைரஸ் பரப்பி விவரங்களைத் திருடுகிறார்கள் என்று எச்சரித்தது. நம் கம்ப்யூட்டரிலேயே ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு, வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பானேன்.

இன்னொன்று, இந்த இதழிலும் நம் குழுவிலும் போடும் படங்களுக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். அங்கே எக்ஸிஃபை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். பேரக்குழந்தை நிற்கும் பால்கனியின் இடமும் நேரமும் ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சங்க அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். ஃபோனும் சார்ஜர் கேபிளும் கொண்டு வாருங்கள். எந்த வீடு, எந்த இடம், யார் எடுத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்தால் வேலை சீக்கிரம் முடியும். மூன்றாவது மாடிக்காரர்கள் முதலில் வாருங்கள், உங்கள் படங்கள்தான் அதிகம்.