பிசினுக்குள் றப்பர்



தோப்பூரிலிருந்து கொட்டியாரக் குடாவின் கரைக்குச் செல்வோர் அங்கே காணும் வள்ளங்களுட் பல கண்ணாடியிழையால் ஆனவை. அவற்றின் உடல் பெரும்பாலும் பொலியெஸ்தர்ப் பிசினாற் செய்யப்படுவது. கல்லில் மோதி வெடித்தால், ஒட்டுவதற்கு எப்பொக்சிப் பிசினை நாடுவோர் உண்டு. பழைய மேற்பரப்பை அது இறுகப் பற்றும். ஆனால் ஒட்டிய இடம் மறுபடியும் பிளக்குமாயின், அது தெரியவருவது கரையிலன்று, அலையடிக்கும் கடலிலே. ஆகவே இப்பிசினின் குணம் ஆய்வுகூடத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

சுவிற்சர்லாந்தின் பியர் கஸ்ரன், அமெரிக்காவின் சில்வன் கிறீன்லீ ஆகியோரின் உழைப்பினால் உருவான பொருள் இது. 1946இல் சீபா நிறுவனம் இதனை அரல்டைற் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. பிசினும் இறுக்கியும் கலந்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி, நெருங்கிய வலையாகப் பின்னிக்கொள்கின்றன. வலை நெருங்க நெருங்க வன்மை மிகும்; அத்துடன் நொறுங்கும் இயல்பும் மிகும். வன்மை வேறு, முறியாமை வேறு. கண்ணாடி வன்மையானது, ஒரு கீறல் விழுந்தால் நொடியிற் பிளக்கும். தென்னங்கயிறு மென்மையானது; எளிதில் அறாது.

இக்குறைக்கு 1960களின் பிற்பகுதியில் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மக்காரி முதலியோர் கண்ட பரிகாரம் விந்தையானது. பியூற்றடையீனும் அக்ரிலோநைத்திரைலும் சேர்ந்த நீர்ம றப்பரைப் பிசினிற் கரைத்தனர். உருக்கிய நெய் ஆறும்போது மணிமணியாகத் திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காரணம் குளிர். இங்கே காரணம் வளரும் வலை. வலை பின்னப் பின்ன, கரைந்திருந்த றப்பர் இடம் பெறாது நுண்துளிகளாகப் பிரிகின்றது. ஒவ்வொரு துளியும் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. றப்பர் மூலக்கூற்றின் முனைகள் பிசினுடன் இணைவதால் துளி கழன்றுவிடுவதில்லை.

பிளவு நெருங்கியதும் இத்துளிகளுட் குழிகள் தோன்றுகின்றன. சுற்றியுள்ள பிசின் உடையாமல் வளைந்து வழுக்குகின்றது. பிளவை ஓட்டிய ஆற்றல் இதிலே செலவாகிவிடுகின்றது. நூறு பங்கு பிசினுக்குப் பத்துப் பங்கு அளவிலான றப்பரே, தக்க பிசினில், முறிவுக்கு வேண்டிய ஆற்றலைப் பத்து மடங்குக்கு மேலும் உயர்த்தக்கூடும். மிக நெருங்கிய வலையுள்ள பிசினில் இப்பயன் சுருங்கிவிடும். வளைந்து கொடுக்க அதற்கு இடமில்லை.

இலாபத்துடன் நட்டமும் உண்டு. றப்பர் சேர்ந்தால் விறைப்புக் குறையும். வெப்பந் தாங்கும் எல்லையும் பெரும்பாலும் தாழும். ஆகாயவிமான உறுப்புகளுக்கு அது ஒவ்வாது. அங்கே பொலியீதர்சல்போன் போன்ற, வெப்பத்திற்கு அஞ்சாத பல்பகுதியங்களைச் சேர்க்கின்றனர். வள்ளத்திற்கோ அத்தகைய வெப்பமில்லை.

1876இல் கம்பஹாவின் கெனரத்கொட பூங்காவில் றப்பர்க் கன்று நட்ட நாடு இலங்கை. மரத்து றப்பரைச் சிறு சங்கிலிகளாக வெட்டி நீர்மமாக்கியோ, எப்பொக்சிக் கூட்டம் ஏற்றியோ, இதே பணிக்கு வைக்கலாமென அயலிலுள்ள கேரளத்து ஆய்வாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். தாளாக உலர்த்தி விற்பதினும் இது மேலான வழியென்றே தோன்றுகின்றது.

ஆனால் றப்பர்ப் பாலையே பிசினில் ஊற்றிப் பார்க்க எவரும் முனையவேண்டாம். பாலிற் பெரும்பங்கு நீர். அது பிசினிற் கரையாது, இறுகுவதையும் கெடுக்கும். முறியாப் பிசின் வேண்டுவோர் அவ்வாறு ஆக்கப்பட்டதையே கேட்டு வாங்கி, இறுக்கியைச் சொன்ன அளவிலே கலந்து, ஈரமற உலர்ந்து உரசிய பரப்பிற் பூசவேண்டும். வெயில் எப்பொக்சியை வெளிறச் செய்து தூளாக்குமாதலால், ஒட்டின்மேல் ஒரு பூச்சு வர்ணமும் இடுதல் நன்று.