வாத்தியாரான பிறகு தொடங்கிய படிப்பு



1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று படித்த நூல்களைச் சொல்லி முடிக்கவே நெடுநேரம் ஆகும். கௌரவமான உத்தியோகமும் கிடைத்துவிட்டது. இனிச் சொல்லிக் கொடுப்பதுதானே வேலை?

அந்த ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் பட்டியலை அடுக்கினார். முதலியார் அசரவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவற்றைப் படித்ததுண்டா என்றார்.

இல்லை. அவருடைய ஆசிரியரே பாடம் சொல்லாத நூல்கள் அவை. கேட்டவரோ தமிழ் வித்துவான் அல்ல, நீதிமன்ற அதிகாரி. அலட்சியமாக விட்டிருந்தாலும் கல்லூரியில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஐயர் விடவில்லை. முதலியாரிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

தமிழ் புரிந்தது, சமயம் புரியவில்லை. சிந்தாமணி சமண காவியம். அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் சமணக் கொள்கை தெரிந்தவருக்கே முழுதாகத் திறக்கும். பிள்ளையவர்களோ 1876இலேயே காலமாகிவிட்டார். சந்தேகத்தை யாரிடம் கேட்பது?

விடை அதே ஊரில் இருந்தது. கும்பகோணத்துச் சமணக் குடும்பங்களில் சிந்தாமணியைப் பாராயண நூலாகவே படித்து வந்தார்கள். பண்டிதர்கள் கைவிட்டதை வீட்டுக் கூடத்தில் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை! கல்லூரி வாத்தியார் அவர்கள் வீடு தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் மாணவனைப்போல உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தின் நிழலில் வளர்ந்த ஒருவருக்கு அது சின்ன விஷயமல்ல. பழைய நூல்களின் சுவடிக்காக அவர் ஊர் ஊராக அலைந்ததை நாம் பெரிதாகப் பேசுகிறோம். தெரியாது என்று சொல்லிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887இல் ஐயர் பதிப்பித்த சிந்தாமணி அச்சாகி வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு ஆகியவையும் அடுத்தடுத்து வெளியாயின.

பிறகு மணிமேகலை. மறுபடியும் முதல் வகுப்பு! இது பௌத்த காவியம். விளக்கம் கேட்கப் பௌத்தர்கள் வீடுகூட அக்கம்பக்கத்தில் இல்லை. பௌத்தம் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் இருந்தன; ஐயருக்கு ஆங்கிலம் வராது. உடன் பணியாற்றிய ரங்காசாரியார் அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது அவருக்கு வயது 43. தம்மைப் போலவே பௌத்தம் அறியாமல் நூலைப் பிரிக்கப் போகிறவர்களுக்காக, புத்தர் வரலாறு, தர்மம், சங்கம் மூன்றையும் எளிய உரைநடையில் தாமே எழுதி அதனுடன் சேர்த்திருந்தார்.