வாலிபர்களும் உடற்பருமனும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பிள்ளைகளுடைய உடற்பருமன் என்பதாகும். "இதுவும் ஒரு பெரிய சங்கதியா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள். 5 வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களில் அதிக எடையுள்ளவர்கள் 1990-ல் நூற்றுக்கு 8 பேர். 2022-ல் 20 பேர். 32 வருஷத்தில் உலகத்துப் பிள்ளைகளின் தலையெழுத்தையெல்லாம் யாராவது மாற்றி எழுதிவிட்டார்களா? மாறினவை தீனியும் நடமாட்டமுமேயாகும்.

நம் வீடுகளில் நடப்பதென்ன? பிள்ளை கொழுகொழுவென்றிருந்தால், கண்ணேறு பட்டுவிடுமென்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். கண்ணேறினால் ஒரு பிள்ளைக்காவது நீரிழிவு வந்ததென்று எந்த வைத்தியராவது சொன்னதுண்டா? ஆனால் மிதமிஞ்சிய கொழுப்பினால் நீரிழிவும், ரத்தக் கொதிப்பும், ஈரலில் கொழுப்பு படிவதும் பள்ளிக்கூட வயதிலேயே வருகின்றன. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பதும் வெறும் நம்பிக்கையே. பருமனான வாலிபர்களில் பெரும்பாலோர் பெரியவர்களான பின்பும் பருமனாகவே இருக்கிறார்கள்.

இவ்வியாதிகள் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. ஆகவே பிள்ளைக்குத் தெரிவதில்லை. பெற்றோர் பருமனைச் செழிப்பென்கிறார்கள். வகுப்புத் தோழர்கள் "குண்டு" என்று கேலி செய்கிறார்கள். பிள்ளையோ அதை அவமானமென்று எண்ணிப் பட்டினி கிடக்கிறது, அல்லது கண்ட கண்ட மெலியும் பொடியை வாங்கித் தின்கிறது. இது தேக ஆரோக்கிய விஷயமென்று ஒருவராவது சொல்வதில்லை. கேலி செய்து யாரையும் மெலிய வைத்ததில்லை. வாய் திறந்து கேட்கவொட்டாமல் செய்ததுதான் மிச்சம்.

வாலிபர்களே! எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் மீட்டர் அளவால் இருமுறை வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, உங்கள் வயதுக்குரிய அட்டவணைப்படி அது சரிதானா என்று கேளுங்கள். 300 மில்லி கலர் பாட்டிலில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறதென்பதை அறிந்து, பிறகு குடிப்பதா வேண்டாமா என்று தீர்மானியுங்கள். தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாடுங்கள்.

பெற்றோர்களே, உபாத்தியாயர்களே! விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குப் பறித்துக்கொண்டு, பிள்ளை சோம்பேறி என்று திட்டுவது என்ன நியாயம்? மிளகாயை அடுப்படியில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தராசில் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.