கோப்புக்கு வழி கூறுதல்



கணிப்பொறியுள் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கூறும் முகவரிக்குப் 'பாதை' என்று பெயர். தெரு, வீடு, அறை, பெட்டி என ஒன்றனுள் ஒன்றாக அது செல்லும். இடையே இரு புள்ளிகள் வந்தால், வந்த வழியே ஒரு படி திரும்புக என்பது பொருள். 'பள்ளி\கணக்கு\..\வரலாறு' என்பது, சுற்றி வளைத்துச் சொன்ன 'பள்ளி\வரலாறு' அன்றி வேறில்லை.

பாதைகளை இணைக்கவும் சுருக்கவும் விண்டோஸ் இயங்குதளம் முன்பே சில செயற்கூறுகளை வைத்திருந்தது. அவற்றில் ஒரு குறை உண்டு. விடையை எழுதுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவை கேட்பதில்லை. 260 எழுத்துக்கு இடம் உண்டு எனத் தாமே கொண்டுவிடும். உழக்கில் படியரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? சிந்திய எழுத்துகள் அண்டை நினைவகத்தை அழிக்கும். தீயோர் உட்புகவும் அது வாயிலாகும். ஆதலின், 2012-இல் வந்த விண்டோஸ் 8, இடத்தின் அளவையும் கேட்டுப் பெறும் புதிய செயற்கூறுகளைத் தந்தது.

2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-இல் இவை இல்லை. 2020 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.9 இவற்றை நம்பியே அமைந்தது. நிரல் ஓடுமுன், அது வேண்டும் நூலகங்கள் யாவும் உள்ளனவா என்று இயங்குதளம் பார்க்கும். ஒன்று குறைந்தாலும் நிரல் தொடங்காது. பிழைச்செய்தி மட்டுமே திரையில் தோன்றும். பழுதற்ற பொறி, பாதையைச் சுருக்கத் தெரியாத ஒரே காரணத்தால் ஒதுக்கப்படுவது நியாயமாகத் தோன்றவில்லை.

இதற்கு மாற்று உண்டு. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்கென 1993-இல் தொடங்கிய வைன் திட்டத்தார், இச்செயற்கூறுகளைத் தாமே எழுதி யாவரும் காண வெளியிட்டனர். அதனைக் கொண்டு, விடுபட்ட நூலகத்தை அதே பெயரில் ஆக்கி, நிரலின் அடைவிலேயே வைத்தோர் உளர். இயங்குதளம் முதலில் அங்கே தேடுமாதலால், கண்டெடுத்து ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் பெயர் ஒத்தால் மட்டும் போதாது. நடத்தையும் ஒக்க வேண்டும். 'சி:\..' என்று தந்தால் என் செய்வது? வேருக்கு மேலே படியில்லை. 'சி:\' என்றே விடை வரவேண்டும். இடம் போதாதபோது பாதையை வெட்டித் தருவதும் ஆகாது. வெட்டிய பாதை வேறொரு கோப்பைச் சுட்டலாம், நிரல் அதனை அழித்துவிடலாம். பிழை என்றே அறிவிக்க வேண்டும்.

அயலார் ஆக்கிய நூலகத்தைப் பெறுவோர், அதன் மூலநிரலும் கிடைக்கிறதா என்று பார்த்துக் கொள்வது நன்று. தவிரவும், விண்டோஸ் 7-க்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14-உடன் நின்றுபோயின. அக்குறையை இந்நூலகம் நீக்காது.