எதை முதலில் இழைப்பது?
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான பனையோலைக் கைப்பணி வகுப்பின் தொடக்க நாளில் ஆற்றிய உரை)



வளவைத் துப்புரவாக்கி, தறப்பாளைக் கட்டி, கிணற்றை இறைத்து, ஆயிரம் வேலைகளுக்கு நடுவில் இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே நான் நீட்டிப் பேசப்போவதில்லை. பன்னவேலையில் எதை முதலில் இழைப்பது, எதைப் பிறகு இழைப்பது என்ற ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வகுப்புத் தொடங்கிய உடனே "எனக்குக் கடகம் பழக்குங்கோ" என்று கேட்பவர்கள்தான் அதிகம். கடகத்துக்கு நல்ல விலை உண்டு என்பது உண்மை. ஆனால் பழகாத கை தொடங்கிய கடகம் அடி கோணி, பாதியில் நின்று, மூலையில் கிடக்கும். ஓலையும் வீணாகும். "எனக்கு இது வராது" என்ற எண்ணமும் மனதில் விழுந்துவிடும். இத்தனை வருட இடப்பெயர்வில் கை வேலையை மறந்திருந்தால் அது உங்கள் குற்றமல்ல. இன்று உங்கள் கையால் முடிக்கக்கூடிய பொருளை இன்று தெரிவுசெய்யுங்கள். முடித்த பொருள் ஒன்று உங்களை அடுத்த பொருளுக்குக் கூட்டிச் செல்லும்.

இழைப்பதற்கு முன்பு ஓலை வேண்டும். இதைக் கவனமாகக் கேளுங்கள். வடலிகளில் நிலத்தில் நின்றே ஓலை வெட்டலாம் என்பதால் பிள்ளைகளும் போய் வெட்டப் பார்ப்பார்கள். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று உங்களுக்கு அறிவிக்கப்பட்ட காணிக்குள் மட்டுமே செல்லுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டி ஒரு அடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்றும் நினைக்க வேண்டாம். பற்றை மூடிய வடலிக்குள் எவ்வளவு நல்ல ஓலை தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். அறியாத பொருள் ஏதும் கண்டால் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ சொல்லுங்கள். ஒரு பெட்டிக்காக ஒரு காலை இழக்க முடியாது.

வெட்டும்போது ஒரு மரத்தில் ஒரு சார்வோலை போதும். பனைக்கு வளரும் நுனி ஒன்றுதான். அது காயப்பட்டால் மரம் பட்டுவிடும். ஷெல் பட்டு வட்டிழந்த பனைகள் எத்தனை நிற்கின்றன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு கொட்டை முளைத்துப் பெரிய மரமாக 15, 20 வருடம் செல்லும். இருப்பவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

வெட்டிய ஓலையை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ளுங்கள். இழைப்பதற்கு முதல் நாள் இரவு பனியில் போட்டு எடுத்தால், அல்லது கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்தால், ஓலை முறியாமல் வளையும். காலையும் மாலையும் இழைக்க நல்ல நேரம். காய்ந்த ஓலையைத் தறப்பாளின் கீழே அடுப்புக்கு அருகில் குவிக்க வேண்டாம். ஒரு பொறி போதும்.

இனி மூன்று படிகளைப் பார்ப்போம்.

முதற்படி, தட்டையான பொருட்கள். சட்டி பானை வைக்க ஒரு சின்னத் தடுக்கு இழையுங்கள். சின்னவிரல் அகலத்தில் இப்படிக்கு 12 ஓலை, அப்படிக்கு 12 ஓலை எடுத்து, ஒன்றை மேலே விட்டு ஒன்றைக் கீழே விட்டு இழைத்தால் போதும். முடிந்ததும் மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் தடுக்கு சதுரமல்ல. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அடுத்த தடுக்கில் இறுக்கிப் பிடியுங்கள். பிள்ளைகளுக்குக் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்யப் பழக்குங்கள். அது விளையாட்டுத்தான். ஆனால் ஓலை எங்கே மடியும், எங்கே முறியும் என்பதை அவர்களின் விரல் அதில்தான் கற்றுக்கொள்ளும். சிரித்துக்கொண்டு செய்யும் வேலை சீக்கிரம் பிடிபடும்.

இரண்டாம்படி, மூலை எழும்பும் பொருட்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடுக்கு கோணாமல் வந்தால் பெட்டிக்குப் போகலாம். அடியைத் தடுக்குப் போலவே இழைத்து, நான்கு மூலைகளையும் மேலே திருப்ப வேண்டும். நான்கு பக்கமும் ஒரே உயரமாக வருகிறதா என்று ஒரு ஈர்க்கை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். பிறகு மூடுபெட்டி. அடிப்பெட்டியை முடித்த பிறகே மூடியைத் தொடங்குங்கள். மூடி ஒரு சொட்டுப் பெரிதாக இருக்க வேண்டும். இடித்துத் திணிக்காமல் மூடவும், தானாகக் கழன்று விழாமல் இருக்கவும் வேண்டும். அதுதான் இந்தப் படியின் பரீட்சை.

மூன்றாம்படி, கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, கொட்டைப்பெட்டி. கடகத்துக்கு உள்ளும் வெளியுமாக இரண்டு மடிப்பு வேண்டும். வாயை நாரால் பொத்த வேண்டும். சுமையோடு தூக்கினாலும் விளிம்பு விடக்கூடாது. நீற்றுப்பெட்டி கூராக ஒடுங்குவதால் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். அதில் பிட்டு அவிப்பதால் சாய ஓலை சேர்க்க வேண்டாம். கொட்டைப்பெட்டிக்கு ஓலையை மிக ஒடுக்கமாக வார வேண்டும். அவசரம் உள்ளவர்களுக்கு அது சரிவராது. நிறம் சேர்க்க விரும்புவோர் இந்தப் படிக்கு வந்த பிறகு, முதலில் இரண்டே நிறத்தோடு தொடங்குங்கள். இரண்டை மேலே விட்டு இரண்டைக் கீழே விட்டு இழைத்தால் சாய்ந்த கோடுகள் அழகாக எழும்பும். சாயம் அவித்த பானையில் திரும்பச் சமைக்க வேண்டாம்.

எந்தப் படியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 60 வயதில் தடுக்குத் தொடங்கலாம். 12 வயதில் மூடுபெட்டி முடிக்கலாம். வீட்டில் ஆச்சியோ அம்மம்மாவோ இருந்தால் அவரிடம் கேளுங்கள். கண் மங்கினாலும் விரலுக்கு ஞாபகம் இருக்கும். நடமாட முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய தொழில் இது. ஒரு கையால் மட்டும் வேலை செய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் ஓலையைப் பிடித்துக் கொடுக்கலாம்.

என்ன இழைப்பது என்று தடுமாறினால் உங்கள் அடுப்படியைப் பாருங்கள். அங்கே இல்லாத பொருளே உங்கள் அடுத்த பொருள். சுளகு ஒன்றைக் கைக்காசு கொடுத்து வாங்காமல் விட்டால் அதுவும் வருமானம்தான். விற்பனைக்குச் செய்வதென்றால் ஒன்றை மட்டும் செய்து வாங்குபவருக்குக் காட்டி, அளவையும் விலையையும் பேசிய பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள். எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள். உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. தனியாகச் சந்தைக்குப் போவதிலும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலமோ பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமோ சேர்ந்து விற்பது நல்லது. 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையிடமும் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். மாரிமழைக்கு முன்பே ஓலையைக் காயவைத்துச் சேமியுங்கள்; ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

இன்று வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் ஒரு தடுக்கு முடித்துக்கொண்டு போக வேண்டும். அது கோணலாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அதன்மேல் இன்று இரவு கறிச்சட்டியை இறக்கி வையுங்கள். அடுத்த கிழமை இழைக்கும் தடுக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அப்போது தெரியும்.

ஓலை நனைத்து வைத்திருக்கிறோம். வாருங்கள், தொடங்குவோம்.