அவசரத் தீர்ப்பு



இன்றைய பாட்டுப் போட்டியில் பரிசு பெறாத பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான், ஓபராப் பாடகர் என்ரிகோ கரூசோவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1873இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், ஒரு மெக்கானிக்கின் மகனாகப் பிறந்தவர் அவர். பட்டறை வேலையும் பார்த்தார். காசுக்காகக் காபிக் கடைகளிலும் பாடினார். ஓபரா என்னும் இசை நாடகத்தில் ஆண்களின் உச்ச ஸ்தாயிக் குரலை டெனர் என்பார்கள்; இவருடையது அந்தக் குரல். ஒலிபெருக்கி இல்லாத அந்த நாளில், வாத்தியக் குழு முழுவதும் முழங்கும்போது, அதையும் மீறி அந்தக் குரல் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும்.

இவர் பாடக் கேட்ட ஆசிரியர் வெர்ஜினே என்ன சொன்னார் தெரியுமா? ஜன்னல் இடுக்கில் காற்று ஊளையிடுவதுபோல் இருக்கிறது என்றார்! அது முதல் தீர்ப்பு.

1901இல், ஓரளவு பேர் வாங்கிய பிறகு, சொந்த ஊரின் சான் கார்லோ அரங்கில் பாடினார். அரங்கம் உற்சாகம் காட்டவில்லை; விமர்சகர்கள் குத்தினார்கள். இனி இந்த ஊருக்குச் சாப்பிட வருவேனே தவிரப் பாட வரமாட்டேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். கடைசிவரை அங்கே பாடவில்லை. அது இரண்டாம் தீர்ப்பு.

1902இல் மிலான் நகர ஹோட்டல் அறை ஒன்றில், பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் இவருடைய பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்யக் காத்திருந்தார். பத்துப் பாட்டு, நூறு பவுண்டு. தொகை அதிகம், வேண்டாம் என்று அவருடைய நிறுவனத்தின் லண்டன் அலுவலகம் தந்தி அடித்தது. மூன்றாம் தீர்ப்பு! கெய்ஸ்பெர்க் அதைப் பொருட்படுத்தாமல் பதிவு செய்தார். இசைத்தட்டை வேடிக்கைப் பொருளாகப் பார்த்த உலகம், அதன் பிறகு அதைக் கலை என்று மதிக்கத் தொடங்கியது.

1903இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா கரூசோவை அழைத்தது. அங்கே மட்டும் 800 தடவைக்கு மேல் பாடினார். 1913இல் பிலடெல்பியாவில் ஒரு நாள், மேடையிலேயே கீழ் ஸ்தாயிப் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கரூசோ ரசிகர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தப் பாடகரின் பாட்டையும் கீழ் ஸ்தாயியிலேயே பாடி முடித்தார். காற்று ஊளையிடுகிறது என்று சொன்னார்களே, அதே தொண்டைதான்!

நண்பர்களே, கதை இத்தோடு முடிந்திருந்தால் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அன்று வேண்டாம் என்று தள்ளிய உலகம், பிறகு அவரை ஓயவிடவில்லை. 1920 டிசம்பர் 11 அன்று புரூக்ளினில் பாடும்போது வாயில் ரத்தம் வந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே முதல் அங்கத்தை முடித்தார். இதை வீரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் மேடையேறினார். டிசம்பர் 24தான் கடைசி. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்து, அறுவை சிகிச்சைமேல் அறுவை சிகிச்சை. 1921 ஆகஸ்ட் 2 அன்று நேப்பிள்ஸில் இறந்தபோது அவருக்கு வயது 48.

ஆக, ரசிகர்களாகிய நாம் இரண்டு தவறு செய்கிறோம். வளருகிறவனை அவசரப்பட்டுத் தள்ளுகிறோம். வளர்ந்தவனை ஓய்வெடுக்க விடாமல் பிழிகிறோம்.

இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், நடுவர்கள் இருக்கிறீர்கள், பெற்றோர்கள் இருக்கிறீர்கள். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: பத்து வயதுக் குரலுக்கு இறுதித் தீர்ப்பு எழுதாதீர்கள். களைத்துப்போன கலைஞர் இன்று முடியவில்லை என்றால், டிக்கெட் காசைப் பேசாமல், போய் வாருங்கள் ஐயா என்று வழியனுப்புங்கள்.